வாப்பாவும் வாங்கவும்

மகனே,

மாடியில் நீ பெட்டியை மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறாய். எத்தனை சட்டை வைத்தாலும் ஒரு தூதரக அதிகாரிக்குப் போதாது போலிருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் சொன்னால் நீ பாதியில் போனைப் பார்ப்பாய், எனக்குக் கோபம் வரும், உன் அப்பா நடுவில் புகுந்து பேச்சை மாற்றிவிடுவார். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. இதை நீ யாருக்குக் காட்டினாலும் எனக்குச் சம்மதம். உன்னோடு வேலைக்குச் சேர்ந்த மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்வதா என்று உன் அப்பா பக்கத்தில் நின்று முணுமுணுக்கிறார். அவர் முணுமுணுப்பை நான் என்றைக்குக் கணக்கில் எடுத்தேன்?

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது நீ சொன்னாயே, நினைவிருக்கிறதா? "அந்த நாட்டுல எனக்கு ஒரு பேஜாரும் இருக்காதும்மா. நம்மள மாதிரியே அரிசிச் சோறு, நம்மள மாதிரியே சேலை. நாம கும்பிடற சாமியத்தான் அவங்களும் கும்பிடறாங்க. எல்லாம் ஒரே பண்பாடு." நம் நாடு பெரியது, மூத்தது. அந்த நாடு சின்னதாக இருந்து இப்போது மளமளவென்று வளர்கிறது. பெரியவனுக்கு வளர்கிறவனைப் பார்த்தால் வயிறு கலங்கும், வளர்கிறவனுக்குப் பெரியவனைப் பார்த்தால் ரோஷம் வரும், ஆனால் இரண்டு பேரும் ஒரே பண்பாட்டுக்காரர்கள் என்றால் பேசித் தீர்த்துக்கொள்வது சுலபம் என்று உனக்குப் பாடம் நடத்தினார்களாம். எனக்குச் சிரிப்பு வந்து ரசம் புரையேறிவிட்டது. நீ தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாய். ஏன் சிரித்தேன் என்று மட்டும் கேட்கவில்லை. அந்த நாட்டின் பெயரை யாரிடமும் சொல்லாதே என்றாய், அதனால் இங்கே எழுதவில்லை. சிரித்த காரணத்தை எழுதுகிறேன்.

நாடுகளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பேப்பரில் இரண்டு தலைவர்கள் கைகுலுக்கும் படம் வந்தால், யார் முன்னால் வந்து கை நீட்டியது என்று மட்டும் பார்ப்பேன். ஆனால் சம்பளம் இல்லாமல், கொடி கட்டிய கார் இல்லாமல், இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவில் நானும் பல வருஷம் இருந்திருக்கிறேன். கல்யாணமாகி வந்த பெண் எல்லோரும் தூதர்தான். பிறந்த வீட்டைப் புகுந்த வீட்டில் விட்டுக்கொடுக்கக் கூடாது. புகுந்த வீட்டின் குறையைப் பிறந்த வீட்டில் மூச்சு விடக் கூடாது. உங்களுக்கு இதற்கெல்லாம் டில்லியில் பயிற்சி கொடுக்கிறார்கள். எங்களைத் தாலி கட்டிய கையோடு வேலையில் சேர்த்துவிடுகிறார்கள்.

உன் தாத்தா வீட்டை ஆரணியில் 'பெரிய வீடு' என்பார்கள். தலைமுறையாகப் பட்டு வியாபாரம். நெசவாளர்களுக்குப் பாவு நூலும் ஊடை நூலும் கொடுத்துச் சேலையாக வாங்கிக்கொண்டு கூலி தருகிற வீடு. அப்படிக் கூலிக்கு நெய்தவர்களில் ஒருவர் என் அண்ணன், உன் மாமா. இரண்டு வீட்டுக்கும் சாதி ஒன்று, குலதெய்வம் ஒன்று, பொங்கலன்று குழம்பில் போடுகிற காய்கூட ஒன்று. ஆனால் பெரிய வீட்டில் நாங்கள் நின்றுகொண்டுதான் தண்ணீர் குடிப்போம். அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் பாயை உதறிப் போடுவோம். அந்த வீட்டின் இரண்டாவது பிள்ளை நூல் கொடுக்க வந்த சாக்கில் என்னைப் பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் என்று சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்துவிட்டார். உன் அப்பா வாழ்க்கையில் நடத்திய ஒரே போராட்டம் அது. அதிலும் யாருக்கும் தெரியாமல் முறுக்கு தின்றுகொண்டிருந்தார் என்று பிறகு தெரியவந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் தாத்தா உன் மாமாவை "வாடா" என்று கூப்பிடுவார். முதலாளி, வயதில் பெரியவர், யாரும் தப்பாக நினைக்கவில்லை. சம்பந்தம் ஆனபிறகு 'டா' போய் 'ப்பா' வந்தது. "வாப்பா." தாத்தாவைப் பொறுத்தவரை அதுவே பெரிய மலையேற்றம். உன் மாமாவும் அதற்குமுன் அவரை "மொதலாளி" என்றவர். இனி "மாமா" என்று கூப்பிட வேண்டும். வாய் எழவில்லை. ஒன்றும் சொல்லாமல் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். இப்படியே போயிருந்தால் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் உன் மாமா அப்படியே இருக்கிற ஆள் இல்லை. கூலி நெசவை விட்டுச் சொந்தத் தறி போட்டார். பிறகு விசைத்தறி போட்டார். நீ பிறந்த சமயத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணாடி வைத்த பட்டுக்கடை எழும்பிக்கொண்டிருந்தது. பட்டு வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் வாயை மூடினார்கள். ஊரே அவரை "வாங்க" என்றது.

தாத்தாவுக்குத் தர்மசங்கடம். "வாப்பா" என்றால் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். "வாங்க" என்று சொல்ல நாக்கு மடங்கவில்லை. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். "சாப்பாடு ஆச்சா?" "எப்ப வந்தது?" "உக்காரலாமே." "காப்பி குடிக்கறதுதானே." கவனித்தாயா? யார் சாப்பிட்டது, யார் வந்தது, யார் உட்காருவது, ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணத்தில் தோற்றவர் உன் தாத்தா. ஆனால் எழுவாய் இல்லாமல் ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. உன் மாமாவும் லேசுப்பட்டவர் இல்லை. "மொதலாளி"யும் இல்லாமல் "மாமா"வும் இல்லாமல், "சொன்னா செஞ்சிடலாம்", "பாத்து ரொம்ப நாளாச்சு" என்று அதே பாஷையில் பதில் கொடுப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் தட்டை வைத்துக்கொண்டு நான் நிற்பேன். பெரிய நாடுகள் அறிக்கை விடுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டுக் கூடம்தான் ஞாபகம் வருகிறது.

கடை திறப்பு வந்தது. குத்துவிளக்கை உன் தாத்தா ஏற்ற வேண்டும் என்று உன் மாமா ஆசைப்பட்டார். அது வெறும் மரியாதை இல்லை. ஊர் பார்க்கப் பெரிய வீடு தன் வாசலுக்கு வர வேண்டும் என்கிற ஆசை. உன் அப்பாவைத் தூது அனுப்பினார். தாத்தா சொன்னதை என் காதாரக் கேட்டேன். "அவன் கடைதானே, நம்ம பையன். வந்து ஏத்திட்டுப் போறேன்." உன் அப்பா அங்கே போய் என்ன சொன்னார் தெரியுமா? "அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். அவர் கடைக்கு வர்றது எனக்குப் பெருமைன்னு சொன்னாரு." கிளம்பும்போது 'அவன்', போய்ச் சேரும்போது 'அவர்' ஆகியிருந்தது. நல்ல மனசுதான். உன் அப்பாவின் நல்ல மனசால் இந்தக் குடும்பம் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும்.

திறப்பன்று வங்கி மேனேஜர் இருந்தார், பெங்களூர் வியாபாரிகள் இருந்தார்கள். தாத்தா விளக்கை ஏற்றினார். கண் கலங்கியிருந்தது, நான் பார்த்தேன். சந்தோஷம் மீறியதில் அவருக்கு அந்த எழுவாய் இல்லாத பாஷை மறந்துவிட்டது. உன் மாமா தோளில் கையைப் போட்டு, "இவன் யாருன்னு நெனச்சீங்க? எங்க வூட்டுத் தறியில குந்தினவன். நாங்க வளத்த புள்ள" என்றார். பிறகு, "வாப்பா, இவுங்களுக்கு ஜல்தியா நல்ல சேலையா நாலு எடுத்துக் காட்டு" என்றார். உன் மாமா சிரித்துக்கொண்டே சேலை எடுத்துக் காட்டினார். தன் கடையில், தன் கடை திறப்பன்று. சாப்பாட்டுப் பந்தியில் அவர் உட்காரவில்லை என்பதை நான் ஒருத்திதான் கவனித்தேன்.

மறுநாள் போனேன். உன் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார். "பெரியம்மாவோட தம்பி காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தா 'வாங்க வாங்க'ன்னு உங்க மாமனாரு வாசல் வரிக்கும் வராரு. அவன் என்னைவிடச் சின்னவன். அவனும் சம்பந்தி, நானும் சம்பந்தி. அவனுக்கு வாங்க, எனக்கு இன்னாத்துக்கு வாப்பா? ஒரே குடும்பம்னா எல்லாருக்கும் ஒண்ணாத்தானே இருக்கணும்?" பெரியம்மா என்றால் உன் பெரியப்பா சம்சாரம். அவர் கேட்டதில் தப்பு இருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தால் இங்கே உன் தாத்தா, "அவன எவ்ளோ பெருமையா பேசினேன், பாத்தியாம்மா?" என்று என்னையே கேட்கிறார். விஷயம் மெல்ல அவர் காதுக்குப் போனதும், "ஒரே குடும்பத்துல இன்னா வாங்க போங்க? அதெல்லாம் வெளியாளுங்களுக்கு, அசலாருக்கு" என்றார்.

இதுதான் நான் சிரித்த காரணம். இரண்டு பேரும் சொன்னது ஒரே வார்த்தை, "ஒரே குடும்பம்". பெரியவர் சொன்னால், இருக்கிற இடத்திலேயே இரு என்று அர்த்தம். வளர்கிறவர் சொன்னால், எனக்கும் சமமாக இலை போடு என்று அர்த்தம். வேறு சாதியாக, வேறு பாஷைக்காரராக இருந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. ஒரு சேட்டு வியாபாரி தாத்தாவை இந்தியில் "தும்" என்று ஒருமையில் கூப்பிட்டபோது தாத்தா ஒன்றுமே நினைக்கவில்லை, சிரித்துவிட்டு வந்தார். அவனுக்கு நம்முடைய அளவுகோல் தெரியாது. நம்முடையவனுக்குத்தான் தெரியும், எந்த எழுத்தைக் குறைத்தால் எங்கே வலிக்கும் என்று. ஒரே பண்பாடு என்று நீ நிம்மதியாகச் சொன்னாய். எனக்கு அதைக் கேட்டதும் இந்த இரண்டு பேரும்தான் கண்ணில் வந்து நின்றார்கள்.

உன் மாமா எங்கள் வீட்டு வாசப்படி மிதிப்பதை நிறுத்திவிட்டார். தீபாவளி சீரை ஆள் மூலம் அனுப்பினார். அதற்குள் உன் காதுகுத்து வந்தது. நம் வழக்கம் உனக்குத் தெரியும், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். வேறு மடியில் உட்கார வைத்தால், இந்தப் பிள்ளைக்கு மாமன் இல்லை, இவளுக்குப் பிறந்த வீடு இல்லை என்று குலதெய்வத்தின் முன்னால் நாமே சொன்னதாகிவிடும். பெரணமல்லூர் பக்கத்தில் இருக்கிற நம் குலதெய்வம் கோயிலில் நாள் குறிக்கப் போனபோது உன் தாத்தா சொன்னார், "தேசூர்ல உங்க சித்தப்பா மவன் கீறான். அவனும் மாமன் முறைதானே. அவன குந்த வெச்சிக்கலாம்." வாடகைக்கு மாமன் எடுப்பதா? "என் அண்ணன் மடி இல்லன்னா என் புள்ளைக்குக் காதே குத்த வேணாம் மாமா" என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டுக்கு வாழ வந்து நான் குரலை உயர்த்தியது அன்றுதான் முதல். எனக்கு அண்ணனை விட்டால் பிறந்த வீடு என்று யாரும் கிடையாது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அந்த வாசலும் மூடிக்கொண்டால் நான் எங்கே போவேன் என்கிற பயம் எனக்கு இருந்தது. அதை இன்றுவரை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது எட்டிப் பார்த்துப் படித்துவிட்டார்.

நாள் தள்ளிப்போனது. மற்ற பிள்ளைகள் மொட்டையடித்த கையோடு காது குத்திக்கொண்டார்கள். நீ வாய் ஓயாமல் பேசவும் தெருவில் ஓடவும் ஆரம்பித்தும் வெறுங்காதோடு இருந்தாய். பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். உன் அப்பா சைக்கிளில் இங்குமங்கும் போய்வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் நல்ல செய்திதான் கொண்டுவருவார். "வந்துடுவாரு, மனசு எளகிடுச்சு" என்பார் இங்கே. "அப்பா உங்களையேதான் கேட்டுகினு இருக்காரு" என்பார் அங்கே. பேச்சு இவ்வளவு இனிப்பாகப் போயும் காரியம் ஏன் நகரவில்லை என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் நானே அண்ணனிடம் போனேன். அவர் சொன்னார், "உங்க மாமனாரு 'அவர் வந்து மடியில வெச்சாத்தான் எனக்கு நிம்மதி'ன்னு சொன்னாராமே? அப்படின்னா அத்த என் மூஞ்சப் பாத்து ஒருவாட்டி சொல்லட்டும், வந்துடறேன்." தாத்தா அந்த வாக்கியத்தைச் சொல்லியே இருக்க மாட்டார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. 'அவர்' என்ற சொல்லே காட்டிக்கொடுத்துவிட்டது.

"அப்படிச் சொல்லலண்ணா" என்றேன். "வந்தா வரட்டும்னுதான் சொன்னாரு. இவரு சக்கரை போட்டுக் கொண்டாந்துட்டாரு." உன் மாமா என்னையே பார்த்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார். "நீயாச்சும் உள்ளத சொன்னியே பாப்பா" என்றார். வீட்டுக்கு வந்து உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, இல்லாத வார்த்தைய எதுக்குங்க சேத்து சொல்றீங்க?" "நல்லதுக்குத்தானே சொன்னேன்." "அவங்க ரெண்டு பேரும் சண்டை போடல. நீங்க உண்டாக்கின ரெண்டு பொய் ஆளுங்கதான் ராசியா பேசிகினு இருக்காங்க. நெஜ ஆளுங்க இன்னும் பேசவே இல்ல." மகனே, உன் வேலையில் நீயும் வார்த்தை சுமந்துகொண்டு போகப்போகிறாய். உன் அப்பாவின் ரத்தம் உன் உடம்பிலும் ஓடுகிறது. அதனால் சொல்கிறேன்.

அதே சூட்டோடு உன் தாத்தாவிடம் போய் நின்றேன். "மாமா, எங்கண்ணன் பணங்காசு கேக்கல, மொத மரியாதை கேக்கல. வாங்கன்னு ஒரு வார்த்தைதான் கேக்குது." தாத்தா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. "வாய் வரலம்மா" என்றார். "திமிருன்னு நெனக்காத. மீசை மொளைக்கறதுக்கு முன்னாடி தறியில ஏறினவன். என் கண்ணெதிர்ல வளந்தான். திடீர்னு அவன வாங்கன்னு கூப்ட்டா கேலி பண்றாப்ல இருக்கும். இல்ல, அசலான் ஆக்கி வெட்டி வுட்டாப்ல இருக்கும். எனக்கு அவன் அசலான் இல்லம்மா." அதைக் கேட்டதும் என் கோபம் போய்விட்டது. நான் அதுவரை அவருக்கு அகம்பாவம் என்றே நினைத்திருந்தேன். அகம்பாவமும் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் பயம் இருந்தது, பிள்ளை மாதிரி வைத்திருந்த ஒருத்தன் கையைவிட்டுப் போய்விடுவான் என்று. ஒரே 'ங்க'தான். அது கிடைக்காவிட்டால் உன் மாமா ஆளாகவில்லை. அதைக் கொடுத்தால் தாத்தாவுக்கு அவர் தன் ஆள் இல்லை.

கடைசியில் தாத்தாவே கிளம்பினார். எனக்காகத்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, எல்லாம் முறையாக எடுத்துக்கொண்டார். நீ என் இடுப்பில் இருந்தாய். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தார். உன் மாமா வீட்டில் எங்களை உட்கார வைத்தார்கள். தாத்தா எழுந்து நின்று தட்டை நீட்டி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார், "பேரனுக்குக் காது குத்தறோம். வரணும், நடத்திக் குடுக்கணும்." பார்த்தாயா, அங்கேயும் தமிழ் அவருக்கு ஒரு சந்து வைத்திருந்தது. 'வரணும்' என்றால் வா என்றும் இல்லை, வாங்க என்றும் இல்லை. உன் மாமா தட்டை வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அமைதியாகக் கேட்டார், "யாரு வரணும்?"

தாத்தா நீட்டிய தட்டு நீட்டியபடியே இருந்தது. இத்தோடு முடிந்தது, இனி இந்த வீட்டுக்கு நான் வரப்போவதில்லை என்று எனக்குத் தோன்றியது. தாத்தா திரும்பி உன்னைப் பார்த்தார். "நீ கூப்பிடுறா மாமாவ" என்றார். அது நல்ல யுக்திதான், குழந்தை கூப்பிட்டால் யாருக்கும் தோல்வி இல்லை. ஆனால் நீ யார் பேரன்? இடுப்பில் இருந்தபடியே தலையை நிமிர்த்தி, கையை நீட்டி, அச்சு அசல் தாத்தா குரலில் சொன்னாய், "வாப்பா."

உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தாத்தாவின் முகம் செத்துவிட்டது. தன் வார்த்தை ஒரு பொடியன் வாயிலிருந்து வந்து உன் மாமாவின் மேல் விழுந்ததை அவர் நேரில் பார்த்தார். "டேய், மாமாவ அப்படிச் சொல்லக் கூடாது" என்று பதறினார். "தப்பு, தப்பு. அவரு பெரியவரு. வாங்கன்னு சொல்லணும். வாங்க மாமான்னு சொல்லு. எங்க, சொல்லு... வாங்க. வாங்க." உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், எப்போது உன்னை விட்டுவிட்டு உன் மாமாவின் பக்கம் திரும்பினார் என்று யாரும் கவனிக்கவில்லை. கடைசி 'வாங்க' உன் மாமாவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். தட்டு இன்னும் அவர் கையில்தான் இருந்தது. உன் மாமா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "வரேன் மாமா" என்றார். சம்பந்தம் ஆகி அத்தனை வருஷத்தில் அவர் தாத்தாவை மாமா என்று கூப்பிட்டது அன்றுதான். தாத்தாவுக்கும் அது தேவைப்பட்டிருக்கிறது என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. உன்னை இறக்கிவிட்டு நான் சமையல்கட்டுக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

காதுகுத்து நன்றாக நடந்தது. நீ போட்ட கூச்சலில் பூசாரி மந்திரத்தை மறந்தார். அதற்குப்பிறகு தாத்தா ஒரு நாளும் வழுக்கவில்லை. வீட்டில், கடையில், சங்கத்தில், எங்கேயும் "வாங்க"தான். வியாபாரத்திலும் ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கே வரவில்லை. தன்னால் கொடுக்க முடியாத ஆர்டர் வந்தால் தாத்தா உன் மாமா கடைக்கு ஆள் அனுப்புவார். கைத்தறிச் சேலை கேட்டு வருகிறவர்களை உன் மாமா இங்கே அனுப்புவார். ஊர் மெச்சியது. எனக்கு என் பிறந்த வீடு திரும்பக் கிடைத்தது. ஆனால் தாத்தா பயந்தாரே, அதுவும் கொஞ்சம் நடந்தது. தோளில் கை போடுவது நின்றுபோனது. பேச்சில் ஒரு கஞ்சி போட்ட விறைப்பு வந்துவிட்டது. எல்லாம் ஒன்றாகக் கிடைத்துவிடுமா என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

நீ டில்லியில் படித்துக்கொண்டிருந்தபோது தாத்தாவை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோமே, அப்போது நடந்ததை உனக்குச் சொன்னதில்லை. உன் மாமா பார்க்க வந்தார். தாத்தா படுக்கையிலிருந்து எழ முடியாமல் எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்றார். உன் மாமா உட்காரவில்லை. கட்டில் பக்கத்தில் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, ஒருவாட்டி வாப்பான்னு கூப்பிடுங்க" என்றார். தாத்தா என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்குவீங்க" என்றார். "எடுத்துக்க மாட்டேன் மாமா." தாத்தா அவர் தோளில் கையைத் தூக்கி வைக்க முயன்றார், முடியவில்லை. உன் மாமாவே அந்தக் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். "வாப்பா" என்றார் தாத்தா. அந்த ஒரு வார்த்தையால் அவமானப்பட்டு வருஷக்கணக்கில் படியேறாத மனுஷன், அதைக் கேட்டு, ஐம்பது வயதுக்குமேல், நர்ஸ் நிற்பதுகூடத் தெரியாமல் விம்மி விம்மி அழுதார்.

மகனே, நீ பெரிய வீட்டிலிருந்து போகிறாய். அவர்களும் நாமும் ஒரே குடும்பம் என்று உன் மனசுக்கு உண்மையாகவே படலாம். பட்டாலும் நீ வாயைத் திறந்து சொல்லாதே. அவர்களாக ஒரு நாள் சொல்லுவார்கள், நீ கிழவனான பிறகு சொன்னாலும் சொல்லுவார்கள். அதுவரை "வாங்க" என்றே கூப்பிடு.

உன் அம்மா